இலகுரகப் பந்தயக் காரும் சப்த நிவாரணமும்

ஐந்நூறு கிலோகிராமைச் சற்றே தாண்டிய எடையும், நான்கு சிலிண்டர் எஞ்சினும், கூரையும் கதவும் பெயரளவுக்கு மட்டுமே உள்ள உடலும் கொண்ட சிறிய கார் ஒன்றை விடுமுறை நாளில் வீட்டிலிருந்து ஓட்டிச் சென்று, பந்தயக் களத்தில் அதன் முழு வேகத்தையும் பரீட்சித்துப் பார்த்துவிட்டு, அன்று மாலையே அதே காரில் வீடு திரும்புகிற வழக்கம் பிரிட்டனில் இரண்டு தலைமுறைகளுக்கு மேலாக நிலவி வருகிறது. லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957-இல் வெளியிட்ட லோட்டஸ் செவனும், 1973-இல் அதன் உரிமையைப் பெற்ற கேட்டர்ஹாம் நிறுவனம் இன்றளவும் செய்துவரும் அதன் வாரிசுகளும், எடையில் அவற்றை மிஞ்சினாலும் 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5, 1996-இல் வந்த லோட்டஸ் எலீஸ் ஆகியவையும் இவ்வழக்கத்துக்கு உரிய வாகனங்கள். தொழில்முறைப் பந்தயக்காரரிடம் உள்ள பணமும் பட்டறையும் இவற்றின் சொந்தக்காரர்களிடம் இல்லை. ஆயினும் களத்தின் வாயிலில் ஒலி அளவியுடன் நிற்கும் அதிகாரியை அவரைப் போலவே இவர்களும் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.

எஞ்சினின் பலத்துக்கும் காரின் லாகவத்துக்கும் ஊறு நேராமல், அதன் புகைக்குழாயிலிருந்து எழும் சப்தத்தை எவ்வளவு தூரம் அடக்கமுடியும் என்ற கேள்வி எழுந்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. விடைகளுக்கும் பஞ்சமில்லை. எஞ்சின் வல்லுநர் ஒரு விடை சொன்னார். ஒலிச் சாஸ்திரி வேறொன்று சொன்னார். பந்தய விதிகளை வகுத்தோர் ஓர் எண்ணைச் சொன்னார்கள். நீதிபதிகளோ நாட்கணக்கைச் சொன்னார்கள். இவை ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினாலும், வெவ்வேறு கேள்விகளுக்குத் தரப்பட்ட விடைகள் என்றே கொள்ளத்தகும். இவற்றுக்கெல்லாம் அடியில், அதிகம் பேசப்படாத ஓர் எளிய நெருக்கடி கிடக்கிறது. தாழ்ந்த சுருதியுள்ள ஓசையை அடக்க இடம் வேண்டும். சிறிய காரில் அந்த இடம் இல்லை.

புரூக்லண்ட்ஸ் விட்டுச்சென்ற மரபு

மோட்டார் பந்தயத்துக்கென்றே உலகில் முதன்முதலாகக் கட்டப்பட்ட களம், இங்கிலாந்தின் ஸர்ரே மாவட்டத்தில் வேபிரிட்ஜ் என்ற ஊரை ஒட்டி 1907-இல் திறக்கப்பட்ட புரூக்லண்ட்ஸ். திறந்த சில நாட்களிலேயே எஸ். எஃப். எட்ஜ் என்பவர் நேப்பியர் காரில் இருபத்துநான்கு மணி நேரம் ஓயாமல் ஓட்டி, 1,500 மைலுக்கு மேல் கடந்து, அக்காலத்துக்குப் பெருஞ்சாதனை ஒன்றை நிலைநாட்டினார். அந்த இரவு முழுதும் உறக்கமின்றிக் கிடந்த அண்டை அயலாருக்கு அந்தச் சாதனையின் பெருமை விளங்கவில்லை என்பதில் வியப்பில்லை. முறையீடுகளும் வழக்குகளும் தொடர்ந்தன. இரவில் கார் ஓட்டும் உரிமை அக்களத்துக்கு இல்லாமற்போயிற்று. 1929-இல் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயம் ஒன்றை நடத்த விரும்பியவர்கள், அதைப் பன்னிரண்டு மணி வீதம் இரண்டு பகல்களாகப் பிரித்து நடத்தி, இடைப்பட்ட இரவில் கார்களைப் பூட்டிவைக்க வேண்டியதாயிற்று.

1920-களின் நடுவில் முறையீடுகள் மீண்டும் வலுக்கவே, அங்கே ஓடும் ஒவ்வொரு காருக்கும் சைலன்சர் கட்டாயமாக்கப்பட்டது. பருத்த உருளை ஒன்றும் அதன் முடிவில் மீன்வால் போலத் தட்டையாக விரியும் குழாயும் கொண்ட அந்த அமைப்பு, புரூக்லண்ட்ஸ் சைலன்சர் என்ற பெயரோடு பழைய கார்ப் பிரியர்களிடையே இன்றும் வழங்குகிறது. இங்கே கவனிக்கத்தக்கது, அந்த விதியின் சுபாவம். எவ்வளவு சப்தம் ஆகலாம் என்று அது கூறவில்லை. சைலன்சர் எப்படி இருக்கவேண்டும் என்றே கூறியது. களத்தில் தூக்கிச்சென்று அளக்கத்தக்க கருவி அன்று கைக்கு வந்திராத நிலையில் அதற்கு வேறு வழியும் இருந்திராது. கருவி வந்த பிறகு விதி எண்ணாக மாறியது. அந்த மாற்றத்தை முன்னேற்றம் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். உருவத்தைக் கட்டாயமாக்கிய பழைய விதி, போதிய கொள்ளளவைக் காரில் சுமந்தே தீரவேண்டும் என்று நிர்ப்பந்தித்ததென்பதையும், எண்ணை மட்டும் கேட்கும் புதிய விதி அந்த நிர்ப்பந்தத்தை விலக்கிவிட்டதென்பதையும் அந்தக் கொண்டாட்டத்தில் மறந்துவிடுகிறார்கள்.

சப்தம் பிறக்கும் விதம்

எரிந்த வாயு வெளியேறும் வால்வு திறக்கும் தறுவாயில், சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போலச் சில மடங்கு இருக்கிறது. வால்வு திறந்ததும் அது ஒரு துடிப்பாகக் குழாயில் பாய்கிறது. நான்கு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு இரண்டு துடிப்புகள் நிகழ்வதால், நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுழலும்போது விநாடிக்கு 200 துடிப்புகள் எழுகின்றன. இந்த 200 ஹெர்ட்ஸ் அடிப்படை ஓசை. அதன் மடங்குகளாகிய 400, 600, 800 ஹெர்ட்ஸ் ஓசைகளும் அதனுடன் சேர்ந்தே பிறக்கின்றன. குழாய்க்குள் வாயு விரைந்தோடுவதால் உண்டாகும் சீறல் வேறு. மெல்லிய தகட்டாலான சைலன்சரின் உடல் தானே அதிர்ந்து எழுப்பும் ஓசை வேறு.

இவற்றைப் பிரித்தறியாமல், புகைக்குழாயின் வாயிலிருந்தே அனைத்தும் வருவதாக எண்ணுவது சாதாரணமாக நிகழும் பிழை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் பொருத்திய எஞ்சினில், முழு வேகத்துக்கு மிதிக்கும்போது காற்றை உள்ளிழுக்கும் பக்கத்திலிருந்து எழும் உறுமல் புகைக்குழாயின் சப்தத்துக்கு ஈடாக வந்துவிடக்கூடும். இரண்டு சம அளவான ஓசைகள் சேர்ந்தால் மொத்தம் 3 டெசிபெல் கூடும். அவற்றுள் ஒன்றை முற்றிலும் ஒழித்தாலும் அதே 3 டெசிபெல்தான் குறையும். ஆகவே சைலன்சருக்கு மேல் சைலன்சர் மாட்டியும் பயன் காணாதவர்கள் பலர், அதுகாறும் தவறான முனையிலேயே உழைத்திருக்கிறார்கள். இணைப்புகளில் உள்ள சிறு கசிவும் இவ்விதமே ஏமாற்றும். சைலன்சருக்கு முன்னால் தப்பிய வாயு சைலன்சரால் சாந்தப்படுவதில்லை.

பிரதிபலிப்பும் உறிஞ்சலும்

சப்தத்தை அடக்கும் உபாயங்கள் எத்தனை பெயர்களில் விற்கப்பட்டாலும், அவை இரண்டு மரபுகளில் அடங்கும். ஒன்று, அலையைத் திருப்பியனுப்புவது. மற்றொன்று, அலையின் சக்தியை உராய்வில் உஷ்ணமாக மாற்றிவிடுவது.

முதல் மரபின் வேர், ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பேரறிஞர் 1863-இல் வெளியிட்ட ஒலியுணர்ச்சி பற்றிய நூல்வரை செல்கிறது. குறுகிய கழுத்தும் அகன்ற வயிறும் கொண்ட கலம் ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு மட்டும் இசைந்து அதிரும் என்பதை அவர் நிறுவினார். குழாயின் குறுக்குப்பரப்பு திடீரென விரியும் இடத்திலும் சுருங்கும் இடத்திலும் அலையின் ஒரு பகுதி பின்னோக்கித் திரும்பும் என்பதே விரிவறைச் சைலன்சரின் அடிப்படை. இக்கொள்கையைக் கணிதமாகவும் பரிசோதனையாகவும் விரிவாக ஆராய்ந்த அமெரிக்க விமானவியல் ஆலோசனைக் குழுவின் 1192-ஆம் அறிக்கை 1954-இல் வெளியாயிற்று; பிற்காலத்து ஆய்வாளர் பலருக்கும் அதுவே தொடக்கப்புள்ளி. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த எம். எல். முஞ்சால் 1987-இல் எழுதிய குழாய்களும் சைலன்சர்களும் பற்றிய நூல் இத்துறையில் உலகெங்கும் பயிலப்படுவது.

கணக்கு சொல்வது இது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்குள் விரியுமானால், பரப்பு ஒன்பது மடங்காகிறது. அந்த அறை மிகச் சாதகமான சுருதியில் ஏறத்தாழ 13 டெசிபெலைத் தடுக்கும். உருளையின் விட்டத்தை 100 மில்லிமீட்டராகக் குறைத்தால் தடை 6 அல்லது 7 டெசிபெலுக்கு இறங்கிவிடும். அதோடு, எல்லாச் சுருதிகளையும் அது ஒரேபோல் தடுப்பதில்லை. உஷ்ணமான புகையில் ஒலி விநாடிக்கு 500 மீட்டருக்குக் குறையாத வேகத்தில் செல்வதால், அரை மீட்டர் நீளமுள்ள அறை 500 ஹெர்ட்ஸை ஒட்டிய ஓசையை யாதொரு தடையுமின்றி வெளியே விட்டுவிடும். ஓடும் வாயுவும் மாறும் உஷ்ணமும் கணக்கில் சேராத இலட்சிய நிலைக்குரிய எண்கள் இவை. நடைமுறையில் இவற்றைவிடக் குறைவாகவே எதிர்பார்க்கவேண்டும்.

இரண்டாம் மரபைச் சேர்ந்த சைலன்சரில், துளையிட்ட குழாய் ஒன்று நேராக ஊடுருவிச் செல்ல, அதைச் சுற்றிலும் கண்ணாடி இழையோ கனிமக் கம்பளியோ அடைக்கப்பட்டிருக்கும். வாயுவின் பாதையில் தடையில்லை. உயர்ந்த சுருதிகளை அது நன்றாகவே விழுங்கிவிடும். அமெச்சூர் பந்தயக்காரர்கள் பெரும்பாலும் இதையே விரும்புவதற்குக் காரணம் வெளிப்படை. இதன் குறைகள் இரண்டு. அலைநீளம் பெருகப்பெருக, அதாவது ஓசை தாழத்தாழ, மெல்லிய அடைப்பு அதைத் தொடுவதேயில்லை. 200 ஹெர்ட்ஸுக்கு இறங்கியதும் அடைப்பின் கனம் பல மடங்கு பெருகவேண்டும். அன்றியும், அந்த அடைப்பு நிலையானதன்று. உஷ்ணத்தாலும் துடிப்பாலும் இழைகள் சிதைந்து, துளைகளின் வழியே சிறுகச்சிறுக வெளியேறி, பருவத் தொடக்கத்தில் வாயிலைத் தாண்டிய கார் பருவ முடிவில் அதே வாயிலில் தடுக்கப்படுகிறது. துளைக்குழாயை ஒட்டி எஃகுக் கம்பளி ஓர் அடுக்குச் சுற்றி, அதற்கு வெளியே நீண்ட இழைகளை அடைப்பதால் ஆயுள் நீளும். ஆனாலும் இடையிடையே பிரித்து மீண்டும் அடைக்கும் வேலையிலிருந்து விடுதலை இல்லை.

ஒன்றின் பலவீனம் மற்றதன் பலமாக இருப்பதால் இரண்டையும் தொடராகப் பொருத்துவதே உசிதம் என்பதில் ஒலிச் சாஸ்திரிகளிடையே அதிக அபிப்பிராய பேதமில்லை. விவாதம் எழுவது அதை எங்கே பொருத்துவது என்பதில்தான்.

பலம் குன்றும் என்ற அச்சம்

அதற்குமுன், சைலன்சரையே பகையாகக் கருதும் ஒரு நெடுங்காலப் பிடிவாதத்தைப் பரிசீலிக்கவேண்டும். புகை வெளியேறும் வழியில் எந்தத் தடையும் பலத்தைத் தின்னும் என்பது ஒரு கட்சி. எஞ்சினுக்குச் சிறிது எதிரழுத்தம் அவசியம், அது இல்லாவிட்டால் தாழ்ந்த வேகத்தில் இழுவை போய்விடும் என்பது மறு கட்சி. இரண்டும் பட்டறைகளில் வேதவாக்காக வழங்குபவை.

ஃபிலிப் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் பொறியியலாளர், புகைக்குழாய்களையும் காற்றுக்குழாய்களையும் சாஸ்திர ரீதியாக அமைப்பது பற்றி 1962-இல் வெளியிட்ட நூல் இவ்விவாதத்தை வேறு தளத்துக்கு உயர்த்தியது. குழாயின் முடிவில் திறந்தவெளியை எட்டும் அழுத்த அலை, எதிரலையாகத் திரும்பி வந்து, சரியான தருணத்தில் வால்வை அடையுமானால் சிலிண்டரைத் துடைத்தெடுத்துப் புதிய கலவையை உள்ளே இழுக்கும். ஆகவே முக்கியமானது குழாயின் நீளமும் அலையின் தருணமும். எதிரழுத்தம் எஞ்சினுக்கு நன்மை செய்கிறது என்று நம்பப்பட்ட இடங்களிலெல்லாம், குறுகிய அல்லது நீண்ட குழாய் தற்செயலாகத் தந்த அலைப்பொருத்தமே வேலை செய்திருக்கக்கூடும் என்ற விளக்கம் இன்று பெரும்பாலும் ஏற்கப்படுகிறது.

இதிலிருந்து பின்தொடரும் ஒரு முடிவு அமெச்சூர்களுக்கு மிகவும் ஆறுதலானது. ஆயினும் அதை அவர்கள் வேண்டிய அளவு உபயோகித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. போதிய கொள்ளளவுள்ள விரிவறை, அலையின் கண்ணுக்குத் திறந்தவெளியாகவே தோன்றும். எனவே குழாய் முடியவேண்டிய இடத்தில் ஒரு பெரிய அறையை வைத்தால், பலத்துக்காகச் செய்த அலைப்பொருத்தம் கெடாமலே சப்தமும் அடங்கும். பலத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சைலன்சரின் சிறுமையே. வாயிலைத் தாண்டுவதற்காகக் குழாயின் முனையில் கடைசி நிமிஷத்தில் திருகிவிடும் குறுகலான அடைப்பான், தடைவாதிகளின் அச்சம் முற்றிலும் நியாயமாகும் ஓர் உதாரணம். அது சில டெசிபெலைக் குறைக்கும். கூடவே உயர்ந்த வேகத்தில் வாயுவின் மூச்சையும் அடைக்கும்.

இடம் என்ற நெருக்கடி

லோட்டஸ் செவனின் வடிவத்தை ஒருமுறை மனத்தில் நிறுத்திப் பார்த்தால் மேலே சொன்ன சித்தாந்தங்களெல்லாம் எங்கே முட்டிக்கொள்கின்றன என்பது புலப்படும். எஞ்சின் முன்னால் இருக்கிறது. குழாய்கள் மூக்குப் பகுதியின் பக்கத் தகட்டைத் துளைத்து வெளியே வந்து ஒன்றுகூடுகின்றன. பக்கவாட்டில் ஓடும் சைலன்சர், மரபான அமைப்பில், பின் சக்கரத்துக்கு முன்பாகவே முடிந்துவிடுகிறது. ஓட்டுகிறவரின் செவிக்கும் குழாயின் வாய்க்கும் இடையே ஒரு கை நீட்டும் தூரத்துக்கு அதிகமில்லை. பருமனைக் கூட்டினால் உருளை தரையைத் தட்டும் அல்லது இறங்குகிறவரின் காலைச் சுடும். நீளத்தைக் கூட்டச் சக்கரம் இடங்கொடாது. 150 ஹெர்ட்ஸ் ஓசைக்கு ஏற்ற கால் அலைநீளம் 80 சென்டிமீட்டருக்கு மேல் என்பதை நினைத்தால், அந்தச் சிறு இடத்தில் விரிவறையும் உறிஞ்சு சைலன்சரும் ஒன்றன்பின் ஒன்றாக எப்படி அமரும்?

எலீஸின் நிலைமை மாறுபட்டதாயினும் அதனினும் சுலபமானதன்று. எஞ்சின் பின்னச்சுக்கு முன்னால் குறுக்காக அமர்ந்திருப்பதால், வால்விலிருந்து காரின் பின்விளிம்பு வரையிலுள்ள மொத்தத் தூரமே சொற்பம். குறுக்காகக் கிடக்கும் ஒரு பெட்டிக்குள் அனைத்தும் நிகழவேண்டும். எம்எக்ஸ்-5 மட்டும், முன்னால் எஞ்சினும் பின்னால் குழாய்வாயும் கொண்ட சாதாரணக் கார்களின் அமைப்பையே பின்பற்றுவதால், நடுவில் ஒன்றும் கடைசியில் ஒன்றுமாக இரண்டு சைலன்சர்களுக்கு இடமளிக்கிறது. அமெச்சூர் களங்களில் அது நல்ல பிள்ளையாகப் பெயரெடுத்ததற்கு அதன் குணத்தைவிட அதன் நீளமே காரணம் எனலாம்.

செவன் வகையினர் இதற்குக் கண்ட வழிகள் பலதிறத்தன. சைலன்சரைப் பின்பக்கம்வரை நீட்டிச் செல்வது ஒன்று; வினையூக்கி மாற்றியைக் கழற்றிவிடாமல் வைத்துக்கொண்டு அதன் தேன்கூட்டு அமைப்பு தரும் சிறு தணிப்பையும் பயன்படுத்திக்கொள்வது மற்றொன்று; காற்றிழுக்கும் வாய்களை ஒரு பெட்டிக்குள் அடைப்பது பிறிதொன்று. டர்போ பொருத்திய எஞ்சின்கள் இயல்பாகவே சாந்தமாக இருக்கின்றன. துடிப்புகளின் சக்தியைச் சுழலி முன்கூட்டியே கவர்ந்துகொள்வதே அதற்குக் காரணம். இந்த வழிகள் ஒவ்வொன்றுக்கும் எடை என்ற ஆட்சேபம் எழுப்பப்படுகிறது. அரை டன் காரில் சில கிலோகிராம் பெரிது என்ற வாதம் கணக்களவில் மெய். எனினும், வாயிலில் திருப்பியனுப்பப்பட்ட கார் எவ்வளவு இலேசானதாக இருந்தும் என்ன பயன் என்ற எதிர்வாதத்துக்கு அதைச் சொல்பவர்கள் இதுவரை தக்க பதில் தரவில்லை. இலேசுக்காக ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய தகட்டில் சைலன்சரைச் செய்வோர், அந்தத் தகடே பறையாக அதிர்வதைக் கேட்டு, பிறகு இரட்டைத் தகட்டுக்குத் திரும்புவதும் உண்டு.

அளவியின் சாட்சியம்

பிரிட்டிஷ் களங்களில் நெடுங்காலமாக வழங்கும் முறை நின்றநிலைச் சோதனை. குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், வாயு வெளிவரும் திசைக்கு 45 பாகைக் கோணத்தில் அளவியைப் பிடித்து, எஞ்சினை அதன் உச்ச வேகத்தின் முக்கால் பங்குக்கு, சில விதிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு, உயர்த்தி எண்ணைப் படிக்கிறார்கள். 105, 108 டெசிபெல் என்ற வரம்புகள் பந்தய விதிகளில் பழக்கமானவை. பந்தயமின்றிச் சொந்தக்காரர்கள் தம் கார்களைக் களத்தில் ஓட்டிப்பார்க்கும் ஓட்ட நாட்களில் 98 போன்ற கடுமையான வரம்புகளும் விதிக்கப்படுகின்றன. இதற்கு மாறாக, ஓடும் காரைக் களத்தின் ஓரத்திலிருந்து அளப்பது மற்றொரு முறை. கலிஃபோர்னியாவின் லகூனா ஸேக்கா களத்தில் பெரும்பாலான நாட்களுக்கு 90 டெசிபெலை ஒட்டிய வரம்பு உண்டு. அங்கே அளவி நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகக் குழாயின் முனையை வளைத்துக்கொள்வதும், அளவியைக் கடக்கும் கணத்தில் மட்டும் மிதியைத் தளர்த்துவதும் ஓட்டுபவர்களிடையே அறியப்பட்ட தந்திரங்கள். ஓர் எண் விதியாகும்போது அறிவு சப்தத்தைக் குறைப்பதில் செல்வதைப்போலவே எண்ணைக் குறைப்பதிலும் செல்லும்.

நின்றநிலைச் சோதனையின் பிரதான குறை, அது சுமையற்ற எஞ்சினை அளக்கிறது என்பது. நின்ற காரில் 5000 சுற்றை எட்ட த்ராட்டில் சிறிதே திறந்தால் போதும். ஓடும் காரில் அதே சுற்றில் அது முழுதும் திறந்திருக்கும். ஆகையால் காற்றிழுக்கும் பக்கத்து உறுமலும், முழுச் சுமையில் பெருகும் துடிப்பின் வலிமையும் அந்த எண்ணில் இடம்பெறுவதேயில்லை. ஓடுநிலைச் சோதனைக்கு இந்தக் குறை இல்லையென்றாலும், காற்றின் திசையும், கூட ஓடும் கார்களும், டயர்களின் கிறீச்சொலியும் அதில் கலந்துவிடுகின்றன.

இவற்றினும் ஆழமான ஆட்சேபம், அளவியின் செவி பற்றியது. ஏ-எடையிட்ட டெசிபெல் எனப்படும் அளவு, ஃப்ளெட்சர், மன்ஸன் என்ற ஆய்வாளர்கள் 1933-இல் வெளியிட்ட செவியுணர்வு வரைகோடுகளிலிருந்து, அதிலும் மிக மெல்லிய ஓசைக்குரிய 40 ஃபோன் கோட்டிலிருந்து பிறந்தது. மெல்லிய ஓசையில் மனிதச் செவி தாழ்ந்த சுருதிகளை மங்கலாகவே உணர்வதால், இவ்வளவு 200 ஹெர்ட்ஸில் சுமார் 11 டெசிபெலையும், 125 ஹெர்ட்ஸில் 16 டெசிபெலையும் கழித்துவிடுகிறது. நூறு டெசிபெலைத் தாண்டும் ஓசையில் செவி அப்படித் தாழ்ந்த சுருதிகளைப் புறக்கணிப்பதில்லை. எனினும் அதே கழிவு அங்கும் நடக்கிறது.

விளைவு யாதெனில், எண்ணைக் குறைக்க மிகச் சுலபமான மார்க்கம், உயர்ந்த சுருதிகளை உறிஞ்சிவிட்டு அடிப்படை ஓசையை அப்படியே விட்டுவிடுவது. உறிஞ்சு சைலன்சர் செய்வதும், சிறிய காரில் இடங்கொள்வதும் அதுவே. ஆனால் தூரத்திலுள்ள வீட்டை நோக்கிச் செல்லும் காற்றுவெளி இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. 4000 ஹெர்ட்ஸ் ஓசையைக் காற்று ஒரு கிலோமீட்டருக்குள் இருபது டெசிபெலுக்கு மேல் தானாகவே தின்றுவிடும். 125 ஹெர்ட்ஸ் ஓசையில் ஒரு டெசிபெலைக்கூடத் தொடாது. களத்து வாயிலில் நாம் அரும்பாடுபட்டு நீக்கிய பகுதி, நீக்காவிட்டாலும் அந்த வீட்டை அவ்வளவாக எட்டியிராது. அளவி பெரிதும் பொருட்படுத்தாத பகுதியே ஜன்னலைத் தட்டுகிறது. இந்த முரண்பாடு தற்கால விதிகளின் அடிப்படையிலேயே உள்ள பலவீனம் என்று கருத இடமிருக்கிறது. தாழ்ந்த சுருதிகளை அவ்வளவாகக் கழிக்காத சி-எடை அளவால் இதை ஓரளவு திருத்தலாம் என்ற யோசனை உண்டு. அப்படி விதித்தால் இலகுரகக் கார்களே முதலில் தோற்கும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

அண்டை வீட்டாரும் நீதிமன்றமும்

நீதிமன்றங்கள் குழாயின் வாயை விட்டு வீட்டின் ஜன்னலிலிருந்து கேள்வியைத் தொடங்கின. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1957-இல் திறந்த லைம் ராக் களத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் 1959-இல் தடைசெய்யப்பட்டது. இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள குரோஃப்ட் களம் பற்றிய 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், மேல்முறையீட்டு நீதிமன்றம் மிகுசப்த நாட்களை ஆண்டுக்கு 40 என வரையறுத்தது. மில்டன்ஹால் அருகிலுள்ள பந்தய அரங்கு பற்றி 2014-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, முறையிட்டவர்கள் அரங்கு இருப்பதை அறிந்தே அங்கே குடிவந்தார்கள் என்பது மட்டும் அரங்குக்காரருக்குத் தற்காப்பாகாது என்று உறுதிசெய்ததோடு, தடையாணைக்குப் பதிலாக நஷ்டஈடு விதிக்கும் வாய்ப்பையும் முன்னிலும் தாராளமாகத் திறந்துவிட்டது.

நாட்களை எண்ணும் இம்முறையில் ஒரு விவேகம் இருக்கிறது. ஒரே அளவான இருபது கார்கள் சேர்ந்து ஓடினால் ஒரு காரைவிட 13 டெசிபெல் கூடும். எனவே தனிக் காரின் எண் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் அது அன்றைய நாளின் பாரத்தைக் கூறிவிடாது. ஆனால் இதே முறை, தன் காரைச் சிரமப்பட்டுச் சாந்தப்படுத்திய அமெச்சூருக்கு யாதொரு வெகுமதியும் தருவதில்லை என்ற குறையும் இருக்கிறது. அவர் ஓடிய நாளும் அவரைவிடப் பன்மடங்கு இரைந்தவர் ஓடிய நாளும், ஒரே வகுப்பில் விழுந்தால், ஒரே நாளாகவே எண்ணப்படும்.

எஞ்சி நிற்பவை

நிலைநாட்டப்பட்டவை என்று சிலவற்றைக் கொள்ளலாம். ஏறக்குறைய எந்த நான்கு சிலிண்டர் காரையும், பலத்தில் குறிப்பிடத்தக்க நஷ்டமின்றி, இன்றைய வரம்புகளுக்குள் கொண்டுவரும் அறிவு 1960-களிலேயே போதிய அளவு கைவந்திருந்தது. சைலன்சரின் கொள்ளளவைக் கூட்டுவதே அதன் சாரம். இரண்டு மரபுகளின் கூட்டு, காற்றிழுப்பில் கவனம், கசிவற்ற இணைப்பு, காலாகாலத்தில் புதுப்பிக்கும் அடைப்பு ஆகியவற்றின் பயனைப் பற்றியும் வாதமில்லை.

தீராதவை வேறு சில. தாழ்ந்த சுருதியை இடமில்லாத காரில் அடக்க, நேர்மாறான அலையை எழுப்பி ஓசையை ஓசையால் அழிக்கும் உபாயம் ஒன்று உண்டு. அதன் கருத்தைப் பால் லூயெக் என்ற ஜெர்மானியர் 1930-களிலேயே உரிமைப்பதிவு செய்தார். ஆயினும் புகையின் உஷ்ணத்தையும் பந்தயத்தின் அதிர்வையும் தாங்கி, அமெச்சூரின் பணப்பைக்கும் அடங்கி, எடையிலும் இலேசாக அது வரக்கூடுமா என்பது ஐயத்துக்குரியது. வேகத்துக்கேற்பத் திறந்து மூடும் வால்வு கொண்ட சைலன்சர்கள் சோதனையில் ஒரு முகமும் ஓட்டத்தில் ஒரு முகமும் காட்டக்கூடியவை என்பதால், அவற்றை விதிகள் எப்படி நடத்தவேண்டும் என்பதிலும் ஒருமித்த கருத்து உருவாகவில்லை. மின்சாரக் கார்கள் வந்தால் பிரச்சினையே மறையும் என்போர், வளைவில் இழுபடும் டயர்களின் ஓலம் அப்போதுதான் தனித்துக் கேட்கும் என்பதைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

இவற்றிலெல்லாம் முதன்மையானது, எதை அளப்பது என்ற பழைய வினா. குழாயின் வாயில் எடுத்த எண்ணுக்கும் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மனிதரின் அசௌகரியத்துக்கும் உள்ள உறவு, காருக்குக் கார், களத்துக்குக் களம், காற்றுக்குக் காற்று மாறுகிறது. அந்த உறவைச் சுருதி வாரியாக வகுத்துக் காட்டும் அளவுமுறை ஒன்று களங்களில் நடைமுறைக்கு வருமானால், சிறிய கார்களின் சொந்தக்காரர்கள் இன்று வாங்கும் சைலன்சர்களில் பாதியாவது வேறு உருவம் கொள்ளவேண்டியிருக்கும். அந்த உருவத்துக்குச் செவனின் பக்கவாட்டில் இடம் எங்கே என்பதை அவற்றைக் கட்டுபவர்கள்தான் தேடவேண்டும்.